எண்ணெயும் காற்றும்: மயிர்த்துளைக் குழாயிற் பிசுக்குமை அளந்த வரலாறு

திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாவை நோக்கிச் செல்லும் வீதியிற் சீனன்குடாவை அடைவோர் இரு காட்சிகளை அடுத்தடுத்துக் காண்பர். ஒன்று, காட்டு மரங்களிடையே வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்கள். மற்றையது, விமானத் தளத்தின் நீண்ட ஓடுபாதை. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெயை எரிக்கத் தொடங்கியதன் பயனாக, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் குதங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் 12,000 கன மீற்றர் கொள்ளத்தக்கது. 1942 ஏப்பிரில் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தளமும் குதங்களும் ஒருங்கே இலக்காயின. 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னர் குதங்களுட் பல நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. இவையெல்லாம் அரசியல் வரலாற்றுக்கு உரியவை. ஈண்டு ஆராயப்படுவது வேறொரு வரலாறு.

குதத்திலுள்ள எண்ணெய் குழாய்வழியே இறங்குதுறைக்கு ஓட வேண்டும். ஓடுபாதையில் எழும் விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்ல வேண்டும். எண்ணெய் இலகுவில் ஓடுவதில்லை என்பதைக் கண்ணாற் காணலாம், கையால் உணரலாம். காற்றும் அவ்வாறே தன்னுள் உராய்ந்து தடை தருவது என்றால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கம் உண்டாகும். ஆயின் அது உண்மை. இந்த உள்ளுராய்வையே பௌதிக நூலார் பிசுக்குமை என்பர். எண்ணெயின் பிசுக்குமையையும் காற்றின் பிசுக்குமையையும் அளப்பதற்கு ஒரே கருவி பயன்பட்டது. அதுவே மயிரிழை போன்ற துளையுடைய கண்ணாடிக் குழாய். எனினும் எண்ணெய்க்குப் பொருந்திய சூத்திரம் காற்றுக்கு அப்படியே பொருந்தவில்லை. எண்ணெயை அமுக்கினால் அதன் கனவளவு குறைவதில்லை என்றே கொள்ளலாம், காற்றோ நெருக்கப்படத்தக்கது. இவ்வேறுபாடு எவ்வாறு உணரப்பட்டது, உணரப்பட்ட பின்னரும் காற்றின் பிசுக்குமையில் எஞ்சியிருந்த ஒரு சிறு பிழை எத்துணைப் பெரிய இடத்திற் போய் முட்டியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாய்பொருளின் அடுத்தடுத்த படைகள் வெவ்வேறு வேகத்தில் வழுக்கிச் செல்லும்போது எழும் தடை அவ்வேக வேறுபாட்டுக்கு விகிதசமமானது என்று 1687 இல் வெளியான தம் பெருநூலில் நியூற்றன் ஒரு கருதுகோளாகக் கூறிச் சென்றார். கருதுகோள் கூறப்பட்டதேயன்றி அளவு கூறப்படவில்லை. அளவு வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. அதனைத் தந்தவரும் பௌதிகப் பேராசிரியர் அல்லர். பாரிசு நகரத்து வைத்தியர் ஒருவர்.

சான் இலெயோனார் மரி புவாசேய் என்னும் அவ்வைத்தியர் நாடிகளிலே குருதியின் அமுக்கத்தை இரசமானியால் அளந்து 1828 இல் பட்டம் பெற்றவர். உடலின் மிக நுண்ணிய குழல்களிற் குருதி எவ்விதியின்படி ஓடுகிறது என்பதை அறிய அவர் அவாவினார். குருதி குழாயில் உறைந்துவிடும். ஆகவே காய்ச்சி வடித்த நீரைக் கண்ணாடி மயிர்த்துளைக் குழாய்களிற் செலுத்தினார். துளையின் விட்டம் 0.015 மில்லிமீற்றர் முதல் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் வரை வேறுபட்டது. குழாயின் முனைகளை உருப்பெருக்கியின்கீழ் வைத்து விட்டத்தை அளந்தார். குழாயை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வெப்பநிலையை நிலைநிறுத்தினார். அமுக்கம், நீளம், விட்டம், வெப்பநிலை என்னும் நான்கனுள் மூன்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார். 1838 முதல் நடந்த இப்பரிசோதனைகளின் முழு அறிக்கை 1846 இல் அச்சேறியது. குறித்த நேரத்தில் வெளியேறும் நீரின் கனவளவு அமுக்க வேறுபாட்டோடு நேராகவும், குழாயின் நீளத்தோடு எதிராகவும், விட்டத்தின் நான்காம் அடுக்கோடு நேராகவும் மாறும் என்பதே அவர் கண்ட முடிபு.

நான்காம் அடுக்கு என்பதை மாணவர் பலர் மனனம் செய்துவிட்டு மறந்துவிடுவர். அதன் கடுமையை ஓர் எடுத்துக்காட்டாற் காண்க. துளையின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். துளையின் ஆரையை அளப்பதில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் பிசுக்குமையில் நூற்றுக்கு நான்கு பிழைக்கும். மயிர்த்துளைக் குழாயை நம்பி வாழ்ந்த ஆய்வாளர் அனைவரையும் வாட்டிய செய்தி இதுவே. துளையில் இரசத்தை நிரப்பி, அதை நிறுத்து, அந்நிறையிலிருந்து ஆரையைக் கணிக்கும் வழக்கம் இதனாலேதான் நிலைபெற்றது.

புவாசேய் தனித்து நிற்கவில்லை. சேர்மனியிலே துறைமுகப் பணிகளில் ஈடுபட்ட நீரியற் பொறியியலாளரான ஹாகன் என்பவர், சற்று அகன்ற பித்தளைக் குழாய்களைக் கொண்டு 1839 இலேயே இதே உறவை வெளியிட்டிருந்தார். அவருடைய அளவுகள் அடுக்கு 4.12 என்று காட்ட, அவர் அதை 4 என்று கொண்டார். வைத்தியர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர். எனவே நூல்கள் பலவற்றில் இன்று விதி இருவர் பெயராலும் வழங்குகிறது. நியூற்றனின் கருதுகோளிலிருந்து இவ்விதியைக் கணிதத்தால் வருவித்தல் 1860 அளவிலேதான் முழுமையுற்றது. அதன் பின்னரே, குழாயில் ஓடிய கனவளவைக் கொண்டு பிசுக்குமை என்னும் எண்ணைக் கணிக்கலாம் என்பது யாவர்க்கும் தெளிவாயிற்று.

எண்ணெயின் கதையை இங்கேயே முடித்துவிடலாம். வணிகத்துக்கும் கடற்படைக்கும் நுண்ணிய குழாயும் நான்காம் அடுக்கும் வேண்டியிருக்கவில்லை. விரைவாக ஓர் எண் கிடைத்தாற் போதும். பொவேட்டன் இறெட்வூட் என்னும் ஆங்கில எண்ணெய் அறிஞர் 1880 களின் நடுவிலே ஒரு கருவியை அமைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் அகேற்றுக் கல்லிற் குடைந்த சிறு துளை. அதனூடாக 50 கன சென்ரிமீற்றர் எண்ணெய் வடிவதற்கு எத்தனை விநாடி செல்கிறது என்பதே அளவு. தடித்த எரியெண்ணெய்க்கென அகன்ற துளையுடன் செய்யப்பட்ட இரண்டாம் வகைக் கருவி கடற்படைப் பிசுக்குமைமானி என்றே பெயர் பெற்றது. நெடுங்காலம் எரியெண்ணெய் விநாடிக் கணக்கில் விலை பேசப்பட்டது. துளை மிகக் குறுகிய நீளமுடையதாதலால், இவ்வெண்ணை நேரே பிசுக்குமை எனல் பொருந்தாது. ஓட்டத்தின் ஊக்கத்திற் செலவாகும் அமுக்கமும் அதிற் கலந்துவிடும். கடைக்காரன் புனலால் அளக்கும் அளவுக்கும் ஆய்வுகூட அளவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனிக் காற்றுக்கு வருவோம்.

வாயுக்களை முதன்முதலில் மயிர்த்துளைக் குழாயிற் செலுத்தி முறையாக ஆராய்ந்தவர் தோமசு கிரேயம். வாயுக்களின் பரவல் விதியால் மாணவர் யாவர்க்கும் அறிமுகமான பெயர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராயிருந்த அவர் 1846 இலும் 1849 இலும் வாயுக்களின் இயக்கம் பற்றி இரு நெடுங் கட்டுரைகளை வேத்தியற் கழகத்திற்கு அளித்தார். காற்று அகற்றப்பட்ட கலமொன்றினுள் வாயுவை நுண்குழாயூடு புகவிட்டு, மானி குறித்த அளவு மாற எடுக்கும் நேரத்தைக் குறித்தார். மெல்லிய தகட்டிலுள்ள ஊசித் துளையூடு வாயு பாய்ந்தால் நேரம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அவர் முன்பே அறிந்தது. நீண்ட குழாயிலோ அவ்விதி முற்றாக மறைந்தது. குழாய் போதிய நீளமுடையதாயின் ஒவ்வொரு வாயுவுக்கும் தனக்கென ஒரு விகிதம் தோன்றி நிலைபெற்றது.

ஒட்சிசனின் நேரத்தை 1 எனக் கொண்டால், காற்றுக்கு 0.90, நைதரசனுக்கு ஏறத்தாழ 0.87, காபனீரொட்சைட்டுக்கு 0.73, ஐதரசனுக்கு 0.44 என்று அவர் கண்டார். பாரமான வாயு மெதுவாக ஓடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆயின் ஒட்சிசனைவிடப் பாரமான காபனீரொட்சைட்டு அதனைவிட விரைவாக ஓடிற்று. ஒட்சிசனிலும் பதினாறு மடங்கு இலேசான ஐதரசனோ பாதிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தையே எடுத்தது. இதற்குக் கிரேயம் விளக்கம் தரவில்லை; தர முயன்று குழம்பவுமில்லை. அளந்ததை அளந்தபடி வைத்துச் சென்றார். இன்றைய மிகச் சிறந்த அளவுகளோடு அவருடைய விகிதங்களை ஒப்பிட்டால் வேறுபாடு நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே நிற்கும். விளக்கத்தை விரும்பும் மனம் அளவைப் பாழாக்குவதுண்டு. கிரேயம் அதற்கு இடங்கொடாதவர்.

விகிதம் கிடைத்தது, ஆயின் ஒரு வாயுவின் பிசுக்குமையைத் தனித்து ஓர் எண்ணாகக் கூறுவது எவ்வாறு? புவாசேயின் சூத்திரத்தில் வாயுவின் கனவளவை இட்டுவிட்டால் என்ன? இவ்விடத்திலேதான் நெருக்கப்படத்தகு தன்மை குறுக்கிடுகிறது. துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் மாணவனும் இதனை அறிவான்: பம்பியினுள் ஒடுங்கிக் கிடக்கும் காற்று வெளியே வந்தால் கூடிய இடத்தை நிரப்பும். நுண்குழாயிலும் அதுவே நிகழ்கிறது. குழாயின் வாயில் அமுக்கம் கூடியது. வாயு நெருங்கி, மெல்லச் செல்லும். முன்னேறுந்தோறும் அமுக்கம் குறைய, வாயு விரிந்து, வேகமெடுக்கும். குழாயின் ஒவ்வொரு குறுக்குவெட்டையும் ஒரு விநாடியிற் கடக்கும் திணிவு ஒன்றே; கனவளவோ இடத்துக்கிடம் வேறு. ஆகவே எண்ணெயிற் போல அமுக்கம் குழாய்வழியே ஒரே சீராகக் குறைவதில்லை. வாயிலருகே மெல்லவும் வெளிவாயருகே விரைந்தும் குறையும்.

இதனைக் கணக்கிட்டுத் தந்தவர் ஒஸ்கார் எமில் மேயர். மூலகங்களின் ஆவர்த்தன ஒழுங்கை ஆராய்ந்த உலோதர் மேயரின் உடன்பிறந்தவர் இவர். 1866 இல் வெளியிட்ட ஆய்வில், நுண்குழாயில் ஓடும் வாயுவுக்கு அமுக்கங்களின் வேறுபாட்டைக் கொள்ளலாகாது, அமுக்கங்களின் வர்க்கங்களின் வேறுபாட்டையே கொள்ளவேண்டும் என்று காட்டினார். ஓர் எண்ணால் இது விளங்கும். குழாயின் ஒரு முனையில் 2 வளிமண்டல அமுக்கமும் மறுமுனையில் 1 வளிமண்டல அமுக்கமும் உள்ளன எனக் கொள்க. திரவச் சூத்திரத்தின்படி வேறுபாடு 1. வாயுவுக்கோ, 2 இன் வர்க்கம் 4, 1 இன் வர்க்கம் 1, வேறுபாடு 3. வெளிவாயில் அளக்கும் கனவளவுக்கு இதனை வெளி அமுக்கத்தின் இருமடங்காற் பிரித்தால் 1.5 வரும். அதாவது வெளியே சேரும் வாயு, திரவச் சூத்திரம் கூறுவதைப் போல ஒன்றரை மடங்கு. இதை அறியாது கணக்கிடுவோன் பிசுக்குமையை மூன்றில் இரு பங்காகக் குறைத்து மதிப்பான். குழாயின் நடுவிலும் அமுக்கம் 1.5 அன்று, 2.5 இன் வர்க்கமூலமான 1.58 ஆகும். மேயரின் சூத்திரத்தை வேறொரு வகையாற் கூறின், வாயுவின் கனவளவை இரு முனை அமுக்கங்களின் சராசரியில் அளந்தால் புவாசேயின் விதி அப்படியே நிற்கும்.

ஆயினும் இச்சூத்திரம் ஒன்றை முன்கூட்டியே நம்பி நிற்கிறது. குழாய்வழியே அடர்த்தி மாறிக்கொண்டே போக, பிசுக்குமை மட்டும் மாறாதிருக்க வேண்டும். அடர்த்தியோடு பிசுக்குமையும் மாறுமாயின் மேயரின் கணக்கு குலைந்துவிடும். அடர்ந்த வாயு கூடிய பிசுக்குமையுடையது என்று எண்ணுவதே பொது அறிவு. இதற்கு மாறான முடிபை 1860 இல் வெளியிட்டவர் யேமிசு கிளாக்கு மாக்சுவெல். வாயு என்பது ஓடித் திரியும் மூலக்கூறுகளின் கூட்டம் என்ற கொள்கையிலிருந்து, பிசுக்குமை அடர்த்தியைப் பொறுத்ததன்று என்ற முடிபு அவர் கணக்கில் வந்தது. மூலக்கூறுகள் இருமடங்கானால் உந்தத்தைக் கொண்டு செல்வோர் இருமடங்கு. ஆயின் ஒவ்வொன்றும் மோதாமற் செல்லும் தூரம் பாதி. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அவருக்கே இது வியப்பாயிருந்தது.

வியப்போடு விட்டுவிடாமல் மாக்சுவெல் பரிசோதனையில் இறங்கினார். இலண்டனிற் கென்சிங்டன் வீட்டின் மேன்மாடத்தில், அடைக்கப்பட்ட கலத்துள் கம்பியில் தொங்கிச் சுழன்றாடும் கண்ணாடித் தட்டுகள் எத்துணை விரைவில் ஓய்கின்றன என்பதை அவரும் துணைவியார் கதரினும் அளந்தனர். அறையின் வெப்பநிலையை உயர்த்திவைக்க அடுப்பை எரித்தவரும் அவ்வம்மையாரே. அமுக்கத்தை எவ்வளவு குறைத்தபோதும் தட்டுகளின் ஓய்வு வேகம் மாறவில்லை. 1866 இல் முடிபு அறிவிக்கப்பட்டது. மேயரின் சூத்திரம் வெளியான அதே ஆண்டில் அதன் அத்திவாரமும் இவ்வாறு அமைந்தது.

இதிற் குறிப்பிடத்தக்க ஒன்றுண்டு. மாக்சுவெல் தம் தட்டுகளால் ஐதரசனின் பிசுக்குமை காற்றினதில் 0.516 பங்கு, காபனீரொட்சைட்டினது 0.859 பங்கு என்று கண்டார். கிரேயத்தின் குழாய் தந்த விகிதங்களோ 0.486, 0.808. இன்று நாம் அறியும் மெய்யளவுகள் 0.48, 0.81. காற்றுக்கு மாக்சுவெல் கண்ட எண்ணும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது மிகையானது. கொள்கையிற் பெரியவர் மாக்சுவெல் என்பதில் ஐயமில்லை. அளவில், இருபது ஆண்டு முந்திய இரசாயனாசிரியரின் கண்ணாடிக் குழாயே வென்றது.

குழாய் முறையின் சிக்கல்கள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. வாயு குழாயின் சுவரை ஒட்டி முற்றாக நிற்பதில்லை, சிறிது வழுக்குகிறது என்று குன்று, வாபேக்கு என்னும் இருவர் 1875 இல் காட்டினர். காற்று மூலக்கூறு மோதலின்றிச் செல்லும் தூரம் வளிமண்டல அமுக்கத்தில் ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. எனினும் 0.1 மில்லிமீற்றர் விட்டமுடைய குழாயில் இவ்வழுக்கலைக் கருதாது விட்டால் நூற்றுக்கு அரைப் பிழை வந்துவிடும். குழாய் அகலமாயின் வழுக்கல் பிழை குறையும். ஆயின் ஓட்டம் விரைந்து கொந்தளித்தாற் சூத்திரமே பயனற்றுப் போகும். சீரான ஓட்டம் எப்பொழுது கொந்தளிப்பாகும் என்பதற்கு 1883 இல் ஒசுபோண் இறெயினோல்சு தந்த எண்ணே அளவுகோலாயிற்று. நீளமான குழாயைச் சுருட்டிவைத்தால் வளைவும் ஓட்டத்தைத் தடுக்கும். மிக உயர்ந்த அமுக்கங்களில் மாக்சுவெலின் விதியே தளரும். நெருக்கிய காபனீரொட்சைட்டில் இதனை வாபேக்கும் பாபோவும் 1882 இல் கண்டனர்.

வெப்பநிலையின் செய்தி தனியே கூறத்தக்கது. திரவம் சூடேறினால் இளகும். வாயுவோ சூடேறினால் பிசுக்குமை கூடும். சீனன்குடாவின் நண்பகல் வெயிலில் குதத்து எண்ணெய் இளகிக்கொண்டிருக்கும் அதே வேளையில் ஓடுபாதைக்கு மேலுள்ள காற்றின் பிசுக்குமை ஏறிக்கொண்டிருக்கும். மூலக்கூறுகள் விரைந்தோடி உந்தத்தைக் கூடுதலாகக் கடத்துவதே காரணம். இவ்வேற்றத்துக்கு ஒரு நல்ல சூத்திரத்தை 1893 இல் தந்தவர் அவுஸ்திரேலியாவின் மெல்போணிலிருந்த உவில்லியம் சதலந்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புதிதாகக் கண்டெடுக்கப்பட்ட நியன், கிரிப்தன், செனன் போன்ற அரிய வாயுக்கள் சிறு சிறு அளவிலேயே கிடைத்தன. அவற்றை வெளியே ஓடவிட்டு இழக்க எவர்க்கும் மனம் வராது. கிரேயம் பணிபுரிந்த அதே கல்லூரியில் இராங்கின் என்பவர் 1910 இல் ஓர் அழகிய தீர்வு கண்டார். மயிர்த்துளைக் குழாயையும் சற்று அகன்ற குழாயையும் இணைத்து மூடிய வளையமாக்கினார். அகன்ற குழாயில் இரசத் துளியொன்று தன் பாரத்தால் இறங்கும். இறங்குந்தோறும் வாயுவை நுண்குழாயூடு தள்ளும். துளி இறங்கும் நேரமே அளவு. கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதே வாயுவை மறுபடியும் அளக்கலாம். ஒரு துளி வாயுவும் வீணாகாது.

இனி, சிறு பிழை பெரிய இடத்தில் முட்டிய கதை. அமெரிக்கராகிய இராபட்டு மில்லிக்கன் இலத்திரனின் ஏற்றத்தை அளந்த பரிசோதனை பாடநூல்களில் எங்கும் உள்ளது. மின்னேற்றமடைந்த நுண்ணிய எண்ணெய்த் துளி காற்றினூடு விழும் வேகத்தையும், மின்புலத்தில் அது எழும் வேகத்தையும் அளந்து ஏற்றம் கணிக்கப்படும். ஏற்றத்தைக் கணிக்கத் துளியின் ஆரை வேண்டும். ஆரையை அறியக் காற்றின் பிசுக்குமை வேண்டும். முடிவிலே பிசுக்குமையின் ஒன்றரையாம் அடுக்கு ஏற்றத்துள் நுழைந்துவிடுகிறது. எண்ணெயும் காற்றும் ஒன்றையொன்று தொடும் இவ்விடத்தில், ஒரு துளியின் வீழ்ச்சியைவிடக் காற்றின் எண்ணே முடிபை ஆண்டது.

மில்லிக்கன் 1913 இல் தந்த ஏற்றம், பத்தின் அடுக்கை விட்டுக் கூறின், நிலைமின் அலகில் 4.774. அவர் கொண்ட காற்றின் பிசுக்குமை முந்திய பல அளவுகளின் சராசரியும், தம் ஆய்வுகூடத்தில் ஒன்றினுள் ஒன்றாகச் சுழலும் உருளைகளால் அளந்த எண்ணும் சேர்ந்தது. 1916 இல் ஆரிங்டன் அதே உருளை முறையால் மீண்டும் அளந்து, ஐயத்துக்கு இடமின்மை போன்ற நுட்பத்தோடு ஓர் எண்ணைத் தர, 4.774 உறுதிபெற்றது போலத் தோன்றிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வெண்ணை அசைப்பார் இல்லை.

அசைத்தது வேறொரு திசையிலிருந்து வந்தது. 1928 இல் சுவீடனின் உப்சாலாவில் பெக்கிலின் என்பவர் எக்சுக் கதிரின் அலைநீளத்தைக் கீறல் தட்டால் நேரே அளந்தார். அதனைப் பளிங்குகளின் அடர்த்தியோடு சேர்த்தால் அவகாதரோவின் எண்ணும், அதிலிருந்து இலத்திரனின் ஏற்றமும் வரும். வந்த ஏற்றம் 4.80 ஐ ஒட்டியது. 1931 இல் பேடனின் அளவுகளும் அவ்வாறே கூறின. அக்கால அறிஞர் பலர் எதை ஐயுற்றனர்? பளிங்கு குறையுடையது என்றனர். கீறல் தட்டின் கொள்கை தவறு என்றனர். காற்றை ஐயுற்றவர் மிகச் சிலர். 1932 இல் தோக்கியோவிலிருந்து சீபா என்னும் யப்பானிய பௌதிகர் குற்றம் காற்றின் பிசுக்குமையிலேயே இருக்கக்கூடும் என்று எழுதினார். நூற்றுக்கு அரை உயர்த்தினாற் போதும்; இரு முறைகளும் ஒன்றுபடும்.

பின்னர் அளவுகள் பல திசைகளிலும் தொடங்கின. உப்சாலாவிற் கெல்சிற்றம் சுழல் உருளையாலும், இங்கிலாந்தின் இறெடிங்கிற் பொண்டு 1937 இல் மயிர்த்துளைக் குழாயாலும், அமெரிக்காவில் ஊசுற்றன் மறுபடியும் உருளையாலும் அளந்தனர். 1934 இல் சந்திரசேகர வெங்கட இராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கைகளில் 1938 இல் மஜும்தார், வஜிப்தார் ஆகிய இருவர் காற்றின் பிசுக்குமைக் குணகம் பற்றித் தம் அளவை வெளியிட்டனர். பெருஞ் செலவுக் கருவிகளுக்கு வாய்ப்பில்லாத நாட்டவரும் உலகத்தின் அடிப்படை மாறிலியொன்றைத் திருத்தும் வழக்கிற் சான்றாளராக நின்றது மாணவர் அறியவேண்டிய செய்தி. பழைய எண் குறைவு என்பது நிலைநாட்டப்பட்டது. 23 பாகை வெப்பநிலையில் ஆரிங்டன் 1822.6 என்று தந்த இடத்தில் 1832 அளவே பொருந்தும் என்றாயிற்று. மில்லிக்கனின் துளிகளையே புதிய எண்ணாற் கணக்கிட்டபோது ஏற்றம் 4.80 ஐ அணைந்தது. துளிகள் பொய் கூறவில்லை. அவற்றைச் சூழ்ந்த காற்றின் எண்ணே பிழைத்தது.

இக்கதையை 1974 இல் இறிச்சட்டு பைன்மன் தம் பட்டமளிப்பு உரையொன்றில் எடுத்துக்கூறியதனால் அது புகழ்பெற்றது. பெரியவரின் எண்ணுக்கு அஞ்சிப் பின்வந்தோர் சிறிது சிறிதாகவே ஏறினர் என்பது அவர் கூற்றின் சாரம். அதில் உண்மை உண்டெனினும் அது முழு உண்மையன்று. எக்சுக் கதிர் தந்த எண் ஒரே பாய்ச்சலாக 4.80 அருகே சென்று நின்றது. தயங்கியது அளவு அன்று, அதனை ஏற்கும் மனமே. மேலும், ஆரிங்டனின் கருவி மிகச் சீரானது. ஆயின் ஒரே வகைக் கருவியை எத்தனை முறை இயக்கினாலும் அதற்குள் ஒளிந்த பிழை அந்தக் கருவிக்குத் தெரியாது. குழாயும் உருளையும் வெவ்வேறு வழியில் ஒரே எண்ணுக்கு வந்த பின்னரே வழக்கு முடிந்தது.

மயிர்த்துளைக் குழாய் அத்துடன் ஓய்வு பெறவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவனத்திற் பேக்கு என்பவர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் சுருட்டிய குவாட்சுக் குழாயொன்றைக் கொண்டு வாயுக்களின் பிசுக்குமையைப் பதினாயிரத்துக்கு ஒரு சில பங்கு நுட்பத்தில் அளந்தார். மேயரின் வர்க்க வேறுபாடு அவர் சூத்திரத்தின் நடுவே அப்படியே இருக்கிறது. வழுக்கல், முனை விளைவு, வளைவு, வாயு விரிந்து குளிர்தல் என்பன அதைச் சூழ்ந்த திருத்தங்கள். நான்காம் அடுக்கின் தொல்லைக்கும் ஒரு வழி பிறந்தது. ஈலியத்தின் அணு எளிமையானதாதலால் அதன் பிசுக்குமையைச் சத்திச் சொட்டுக் கொள்கையின் அடிப்படையிலிருந்தே, எந்தப் பரிசோதனையும் எட்டாத நுட்பத்தோடு கணித்துவிட்டனர். இப்பொழுது குழாயின் ஆரையை உருப்பெருக்கியாலோ இரசத்தாலோ அளப்பதில்லை. முதலில் ஈலியத்தைக் குழாயிற் செலுத்தி, அது ஓடும் அளவிலிருந்து குழாயை அறிந்துகொண்டு, அதன் பின்னரே ஆகனையும் மற்றை வாயுக்களையும் அதே குழாயிற் செலுத்துகின்றனர்.